திருப்புளியைப் பல்லில் கடித்துக்கொள்

ஓசூர்
8.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதிமணி எழுதுவது. நான் சுகம். நீயும் மதினியும் சுகமா? உன் முழங்கால் வலி தேவலையா?

தபால் கவர் கேட்டபோது போஸ்ட் ஆபீஸ் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்கும்மா, கோர்ட்டுக்கா?" என்றார். "எங்க அண்ணனுக்கு" என்றேன். நம்பவில்லை. சித்திரையிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. மதினிக்குப் போட்டால், "அவுக கோவமா இருக்காக, நீ லெட்டர் போடு தாயி" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறாள். என்ன கோபம் என்று யாருக்கும் தெரியவில்லை. சரி, எழுதியே சொல்கிறேன். நான் கார் வாங்கப் போகிறேன்.

கத்தாதே, முழுவதும் படி. எங்கள் கம்பெனி சூளகிரி தாண்டிப் புது யூனிட் கட்டியிருக்கிறது. ஜனவரி முதல் தேதி அங்கே பிரேக் டிரம் லைன் ஓடப் போகிறது. அதற்கு என்னை ஷிப்ட் இன்சார்ஜாகப் போட மேனேஜர் சம்மதித்திருக்கிறார். பதினெட்டு வருஷமாக அதே டிரம்மைத் தூக்கி, அளவு பார்த்து, என் தோளே ஒரு பக்கம் இறங்கிவிட்டது. எங்கள் கம்பெனியில் ஒரு பெண்ணுக்கு அந்த நாற்காலி இதுவரை கிடைத்ததில்லை.

ஆனால் ஒரு கண்டிஷன். இன்சார்ஜ் எல்லோருக்கும் முன்னால் வரவேண்டும், அடுத்த ஷிப்டிடம் ஒப்படைத்துவிட்டு எல்லோருக்கும் பின்னால் கிளம்பவேண்டும். கம்பெனி பஸ் அதற்கெல்லாம் காத்திருக்காது. அந்த இடத்துக்கு டவுன் பஸ்ஸும் இல்லை. ஹைவேயில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, மார்கழிப் பனியில், ஸ்கூட்டரில் போக எனக்கு உயிர் மேல் ஆசை இருக்கிறது. "சொந்த வண்டி இல்லேன்னா இப்பவே சொல்லிடும்மா, கமலக்கண்ணன் ரெடியா இருக்கான்" என்கிறார் மேனேஜர். கமலக்கண்ணனுக்கு வேலை பழக்கிக் கொடுத்ததே நான்தான்.

புதுக் கார் கேட்கவில்லை. பழசு, சின்னது, வழியில் காலை வாராதது, மாதச் செலவில் என்னைத் தின்றுவிடாதது. அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு நீ வேண்டும். இரண்டு நாள் வந்து பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தால் போதும். தெருமுனையில் திரும்பும் வண்டியின் சத்தத்தை வைத்து, சோற்றில் வைத்த கையை எடுக்காமலே, "மூணாவது பிளக் போச்சு" என்று சொன்னவன் நீ. எப்போது வருகிறாய்?

அன்புத் தங்கை,
ஜோதிமணி


சங்கரன்கோவில்
21.9.2024

தங்கச்சி ஜோதிக்கு,

சுடலைமுத்து எழுதுவது. இங்கே மழையில்லை, மற்றபடி சுகம். முழங்கால் அதுபாட்டுக்குக் கிடக்கிறது.

கார் வேண்டாம். முப்பத்தெட்டு வயசில் உனக்கு இது என்ன கிறுக்கு? கல்யாணத்துக்கென்று சேர்த்ததைத் தகரத்தில் போடுவேன் என்கிறாய். அம்மா இருந்தால் கரண்டியைத் தூக்கியிருப்பாள். அந்த இன்சார்ஜ் வேலையும் வேண்டாம். ஆம்பிளைக்கே முதுகு ஒடிகிற வேலை அது.

சிவகிரியில் ஒரு வரன் வந்திருக்கிறது. உரக்கடை வைத்திருக்கிறார். மரியாதையான குடும்பம். சொந்தமாகக் கார் வைத்திருக்கிறார். உன் கார் ஆசையும் அதோடு தீர்ந்துவிடும். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வா.

நான் அங்கே வருவதற்கில்லை. பட்டறையில் சோலி தலைக்குமேல் கிடக்கிறது. போனில் பேசினால் நீ எதிர்த்துப் பேசுவாய், நான் கத்துவேன், மதினி அழுவாள். அதனால்தான் எடுப்பதில்லை. எதுவானாலும் எழுது.

இப்படிக்கு,
சுடலைமுத்து

பின்குறிப்பு: எவனாவது டீசல் வண்டியைக் காட்டினால் திரும்பிப் பார்க்காமல் நட. நீ ஓட்டப் போகும் தூரத்துக்கு அது கட்டாது, ஒரு ரிப்பேர் வந்தால் உன் மாசச் சம்பளத்தை விழுங்கும். எந்த ஊர் முக்கிலும் உதிரி கிடைக்கிற, எந்த மெக்கானிக்குக்கும் கை பழகிய சின்னப் பெட்ரோல் வண்டிதான் வண்டி. சும்மா தகவலுக்குச் சொன்னேன். வாங்காதே.


ஓசூர்
2.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதிமணி எழுதுவது. சுகம். சளி பிடித்து விட்டது. மதினியைக் கேட்டதாகச் சொல்.

முதலில் சிவகிரி. எனக்குக் கார் வைத்திருக்கிற மாப்பிள்ளை வேண்டாம், கார் போதும். கார் காலையில் காப்பி கேட்காது. அதன் அம்மாவுக்கு நான் பயப்பட வேண்டாம். பெட்ரோல் ஊற்றினால் நான் சொன்ன இடத்துக்குப் போகும். இதை அவர்களிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

லைசன்ஸ் வாங்கிவிட்டேன். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னபோது பின்னால் நின்ற நான்கு பையன்கள் சிரித்தார்கள். எடுத்துக் காட்டிவிட்டு இறங்கினேன். அதில் இருவர் பெயில்.

போன ஞாயிற்றுக்கிழமை மாதேஷ் என்கிற புரோக்கரோடு பார்டர் தாண்டி அத்திபள்ளிக்குப் போனேன். இங்கே பழைய கார் என்றாலே எல்லோரும் கர்நாடகா பக்கம்தான் ஓடுகிறார்கள், விலை குறைவு என்று. துணைக்கு என் லைனில் வேலை செய்கிற சாந்தம்மா வந்தாள். ஒரு சிவப்பு வண்டியைக் காட்டினார்கள். குனிந்து டார்ச் அடித்துச் சக்கர இடுக்கில் பார்த்தேன். அண்ணே, பிரேக் டிரம்மில் எங்கள் கம்பெனி முத்திரை! அதுவும் எங்கள் லைன் குறி. என் கை பட்டதாகத்தான் இருக்கும். அதற்குமேல் எதையும் பார்க்கத் தோன்றவில்லை, அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்துவிட்டேன். சாந்தம்மாதான் கையைப் பிடித்தாள். "ஏ ஜோதி, இரும்மா. உங்க அண்ணாவைக் கேக்காம பேடா, வேணாம், பேடவே பேடா" என்று கன்னடத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகத் திட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள்.

வண்டியைச் சுற்றி வந்து இன்ஜின் ஓடுவதை வீடியோ எடுத்து மதினி போனுக்கு அனுப்பியிருக்கிறேன். சத்தத்தைக் கேட்டுச் சொல்.

ஜோதிமணி


சங்கரன்கோவில்
12.10.2024

ஜோதிக்கு,

சுகம். சளிக்குக் கண்ட மாத்திரையை விழுங்காமல் வெந்நீர் குடி.

வீடியோ பார்த்தேன். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சைலன்சரில் நீலப் புகை வருகிறது. இன்ஜின் ஆயில் குடிக்கிறது. வேண்டாம்.

பிரேக் டிரம்மைப் பார்த்துக் கார் வாங்கப் போனவளை என் வாழ்நாளில் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். உன் கம்பெனி டிரம் என்றால் வண்டி நன்றாக நிற்கும். ஓட வேண்டாமா ஏட்டி? சாந்தம்மா என்கிற அந்தப் புண்ணியவதிக்கு நான் ஒரு கும்பிடு போட்டதாகச் சொல்.

நீ கார் வாங்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் நீ ஏமாந்து நின்றால், மெக்கானிக் தங்கச்சி ஏமாந்தாள் என்று ஊர் என்னைத்தான் சிரிக்கும். அதனால் எழுதுகிறேன். வண்டி பார்க்க அவர்கள் சொன்ன நேரத்துக்குப் போகாதே, முன்னாலேயே போ. போனதும் பானெட்டின் மேல் கையை வை. சூடாக இருந்தால் உனக்காக முன்கூட்டியே ஓட்டிப் பழக்கி வைத்திருக்கிறான் என்று அர்த்தம், காலையில் கிளம்ப அடம்பிடிக்கிற வண்டி அது. ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி உள்பக்கம் பார். வெண்ணெய் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. மூடியை மோந்தும் பார், தீய்ந்த வாடை வரக் கூடாது. இன்ஜின் ஓடும்போது அதன் மேல் தட்டையான இடமாகப் பார்த்து ஒரு டம்ளர் தண்ணீர் வை. தண்ணீர் சிலிர்க்கலாம், குதிக்கக் கூடாது. குடும்ப வண்டியில் டிரைவர் சீட்தான் தேயும். பின் சீட் தேய்ந்திருந்தால் வாடகைக்கு ஓடியது. கர்நாடகா நம்பர் என்றால் இங்கே மாற்றி எழுத அலைய வேண்டும், வரியும் கட்ட வேண்டும். விலை குறைவு என்று இளித்துக்கொண்டு போகாதே.

சிவகிரிக்காரர்கள் பதில் கேட்கிறார்கள்.

சுடலைமுத்து


ஓசூர்
27.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். சளி போய்விட்டது. உங்கள் இருவருக்கும் தீபாவளிக்குத் துணி அனுப்பியிருக்கிறேன். சட்டை அளவு சரியா என்று எழுது.

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே போனேன். மாதேஷ் இந்த முறை ஒரு வெள்ளைக் காரைக் காட்டினான். "அக்கா, ஒன்னும் யோசனை பண்ணாதீங்க. சாஃப்ட்வேர்காரர் வண்டி. ஆபீசு, வீடு, அவ்வளவுதான் ஓடினது. பூ மாதிரி வெச்சிருந்தாரு" என்றான். நான் முன்னால் உட்காரவில்லை, பின்னால் போய் உட்கார்ந்தேன். சீட் குழி விழுந்து கிடந்தது. முன் சீட்டுக்கு மட்டும் புது மெத்தை, கல் மாதிரி.

"ஏன் மாதேஷ், சாஃப்ட்வேர்காரரு பின்னாடி உக்காந்துதான் ஓட்டினாரா?" என்றேன்.

"அது வந்து... பிரண்ட்சு நெறையக்கா அவருக்கு."

"கூரை மேல கேரியர் போட்டு ஓட்டையை அடைச்சிருக்கே, அதுவும் பிரண்ட்சுக்கா?"

சாந்தம்மா சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரரே எட்டிப் பார்த்தார். மாதேஷ் தலையைச் சொறிந்தான். "யாருக்கா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?" என்றான். எங்கள் அண்ணன் என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு கெத்தாக இருந்தது தெரியுமா? நீதான் வாங்காதே என்கிறவன்!

கேண்டீனில் கமலக்கண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "என்னக்கா, பொம்மைக் காராவது கெடைச்சுதா?" நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்துதான் பதில் சொன்னேன். "கெடைச்சதும் உன்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன், தைரியம் இருந்தா வா" என்றேன். சிரித்தார்கள். ஆனால் ஒன்று. இந்த நாற்காலி எனக்குக் கிடைக்காவிட்டால் அப்புறம் எவளுக்கும் கிடைக்காது. "ஒரு பொம்பளைக்குக் குடுத்தோம், வரமுடியலைன்னுட்டா" என்று சொல்லிச் சொல்லியே இன்னும் இருபது வருஷம் ஓட்டிவிடுவார்கள்.

நீ வந்தால்தான் எனக்குத் தெம்பு. ஒரே ஒரு நாள் வா.

ஜோதிமணி


ஓசூர்
20.11.2024

அண்ணனுக்கு,

சுகம்தான். உன் சுகத்தை மதினியிடம்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தீபாவளியும் போய்விட்டது, சட்டை அளவைக்கூட எழுதவில்லை. பட்டறை பாதி நாள் பூட்டிக் கிடக்கிறதாம், மதினி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். தலைக்குமேல் சோலி என்று எனக்கு எழுதியவன் நீ. கோபம் என்றால் என் மேல் காட்டு. பட்டறை என்ன செய்தது?

போகட்டும். வண்டி கிடைத்துவிட்டது போலிருக்கிறது. குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போன சாந்தம்மா கேள்விப்பட்டு வந்து சொன்னாள். ராஜலட்சுமி என்று ஒரு ரிட்டயர்டு நர்ஸ். கண் பார்வை மங்கிவிட்டதால் விற்கிறார். சாம்பல் நிற ஆல்டோ, பெட்ரோல், நம் தமிழ்நாட்டு நம்பர், ஒரே கை. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய் நின்றேன். பானெட் ஜில்லென்று இருந்தது. ஆயில் மூடி சுத்தம். டம்ளர் தண்ணீர் சிலிர்த்ததோடு சரி. பின் சீட் பாலிதீன்கூடக் கிழிக்காமல் இருந்தது. "யாரும்மா ஏறுறாங்க என்கூட, நான் ஓட்டினா எல்லாருக்கும் பயம்" என்று சிரித்தார்.

ஆனால் இன்ஜின் ஓடும்போது ஒரு சத்தம் வருகிறது. அடியில் எங்கேயோ கர்ர் என்று. இங்கே ஒரு மெக்கானிக் இன்ஜினையே இறக்கவேண்டும் என்கிறான், இன்னொருவன் ஒன்றுமில்லை என்கிறான். யாரை நம்புவது? சத்தத்தை மட்டும் தனியாக ரெகார்ட் செய்து அனுப்பினேன். நீல டிக் விழுந்து எத்தனை நாளாகிறது! வாங்க வந்த இன்னொருத்தரை நர்ஸம்மா எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறார். டிசம்பர் பாதிக்குள் ஆர்.சி. நகலைக் காட்டச் சொல்லி மேனேஜர் கெடு வைத்துவிட்டார். இந்த ஒரு சத்தம் என்னவென்று மட்டும் சொல்லு அண்ணே. அப்புறம் ஆயுசுக்கும் என்னோடு பேசாதே, பரவாயில்லை.

ஜோதிமணி


சங்கரன்கோவில்
28.11.2024

ஜோதிக்கு,

சுகம். சட்டை கொஞ்சம் லூஸ். பரவாயில்லை.

ரெகார்டிங்கில் எல்லாம் ஒன்றும் தெரியாது. அதை விடு. இப்படிச் செய். நீளமான திருப்புளி ஒன்று எடுத்துக்கொள். கூந்தலை இறுக்கிக் கொண்டை போடு, துப்பட்டாவைக் கழற்றி வை. ஓடுகிற பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. இன்ஜின் ஓடும்போது திருப்புளியின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைப் பல்லில் கடித்துக்கொள். அதிர்வு தாடையில் ஏறும். சீராக ஏறினால் அந்த இடம் நல்ல இடம். ஒவ்வோர் இடமாக மாற்றி வை. எங்கே பல் கூசுகிறதோ அங்கேதான் கோளாறு. இன்ஜின் நடுவில் கூசினால் வந்த வழியே திரும்பு. ஓரத்தில், ஆல்டர்னேட்டர் மேல் வைக்கும்போது மட்டும் கூசினால் அது பேரிங். சின்ன வேலை. அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேள்.

வாங்காதே என்றுதான் இப்போதும் சொல்கிறேன். சொன்னால் கேட்கிற ஆளா நீ?

சுடலைமுத்து


ஓசூர்
8.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீ சுகமில்லை. அதை எனக்குச் சொல்லவில்லை.

திருப்புளியைப் பல்லில் கடித்தேன். நர்ஸம்மா வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார், "பாத்தும்மா, பல்லு போயிடப் போவுது" என்றார். இன்ஜின் மேல் எங்கே வைத்தாலும் சீராக ஏறியது. ஆல்டர்னேட்டர் மேல் வைத்ததும் கடைவாய்ப் பல்லில் எறும்பு ஊர்ந்தது. பேரிங்தான். விலையைக் குறைத்து, பேரிங்கை மாற்றி, வண்டியை என் பெயருக்கு எழுதக் கொடுத்துவிட்டேன். ஆர்.சி. கைக்கு வருமுன் அதற்குப் பணம் கட்டிய ரசீதை மேனேஜர் மேஜையில் வைத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, "சரிம்மா" என்றார். அந்தச் சரிம்மாவுக்குப் பதினெட்டு வருஷம்!

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். பானெட்டில் கையை வை என்றாய். புகை நீலம் என்றாய். மூடியை மோந்து பார், தண்ணீரைப் பார், சீட்டைப் பார், பல்லில் கடி என்றாய். இத்தனை சோதனையில் காதால் கேட்கிறது ஒன்றுகூட இல்லை. சத்தம் என்ன என்று நான் எத்தனை முறை கேட்டேன்! புகையைச் சொன்னாயே தவிர, சத்தத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை.

நம் பட்டறையில் வளர்ந்தவள் நான். நீ திருப்புளியை இன்ஜினில் ஊன்றிப் பிடியைக் காதில்தான் வைப்பாய். கண்ணை மூடிக்கொண்டு, எங்களை எல்லாம் மூச்சுகூட விடாதீங்க என்று அதட்டிவிட்டுக் கேட்பாய். எப்போதிலிருந்து பல்லுக்கு மாற்றினாய்?

போனை எடுக்காதது கோபத்தால் இல்லை. வராதது சோலியால் இல்லை. உனக்குக் காது கேட்கவில்லை, இல்லையா? என்னிடம் மறைத்துவிட்டாய். கோபக்காரன் என்று உன்னை எத்தனை பேரிடம் திட்டியிருக்கிறேன்! இனி என் கோபத்தைப் பார்.

உண்மையை எழுது.

ஜோதி


சங்கரன்கோவில்
19.12.2024

ஜோதிக்கு,

ஆமாம், கேட்கவில்லை. அதற்கென்ன இப்போ? ஊரில் ஒருத்தனுக்கும் காது போனதில்லையா?

இடது காது எப்போதோ போனது. ஒன்றை வைத்து ஓட்டினேன். சித்திரையில் வலதும் மங்கிவிட்டது. நீ போனில் பேசினால் வண்டு குடைகிற மாதிரி இருக்கும், வார்த்தை புரியாது. மதினிக்குத் தெரியும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன், அவளைத் திட்டாதே. திருநெல்வேலி டாக்டர் மெஷின் எழுதிக் கொடுத்தார். வாங்கினேன். பீரோவில் இருக்கிறது. காதில் மெஷின் மாட்டிய மெக்கானிக்கிடம் எவன் வண்டியை விடுவான், சொல்லு. இன்ஜின் சத்தம் கேட்காதவன் இன்ஜினைத் தொடலாமா என்று முகத்துக்கு நேரே கேட்பான். கேட்கத்தான் செய்தான் ஒருத்தன். அதிலிருந்துதான் பாதி நாள் பூட்டுகிறேன்.

நீ வா வா என்று எழுதினாய். வந்து உன் காரின் முன்னால் நின்று, காதைக் கொடுத்து, ஒன்றும் கேட்காமல் நான் தலையாட்டியிருக்க வேண்டும். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய். அதற்குக் கோபக்காரன் என்று பெயர் வாங்குவது மேல்.

பேரிங் என்று எனக்கு இங்கேயிருந்தே தெரிந்தது. போனை நெஞ்சோடு வைத்து உன் ரெகார்டிங்கைப் போட்டுப் பார்த்தேன். அந்த நடுக்கத்தில் தெரிந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை.

நீ வாங்கியது நல்ல வண்டி. ஜாக்கிரதையாக ஓட்டு. ஹைவேயில் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதே.

சுடலைமுத்து


ஓசூர்
3.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஷிப்ட் இன்சார்ஜ் ஜோதிமணி எழுதுவது. படு சுகம்.

முதல் தேதி இருட்டோடு கிளம்பினேன். சூளகிரி வரை பனி, முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. நீ சொன்ன மாதிரி ஒட்டாமல் போனேன். பக்கத்தில் சாந்தம்மா எல்லா சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். கேட்டில் செக்யூரிட்டி, "டிரைவர் எங்கம்மா?" என்றார். "உங்க முன்னாடிதான் உக்காந்திருக்கேன்" என்றேன். இரண்டாம் நாள் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தால் கமலக்கண்ணன் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறான். "அக்கா..." என்று இழுத்தான். "பின்னாடி ஏறு. பாலிதீனைக் கிழிச்சிடாதே" என்றேன். ஓசூர் வரை இரண்டு கையாலும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

இப்போது உன் கதை. எவனோ ஒருத்தன் கேட்டானாம், இவன் பட்டறையைப் பூட்டினானாம். என்னையும்தான் பொம்மைக் கார் என்றான் ஒருத்தன். நான் பூட்டிக்கொண்டா உட்கார்ந்தேன்? முந்நூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்து, காதே இல்லாமல், நெஞ்சில் போனை வைத்துப் பேரிங்கைக் கண்டுபிடித்தவன் நீ. இங்கே இரண்டு காதும் திறந்திருக்கிற மெக்கானிக் இன்ஜினை இறக்கச் சொன்னான். உனக்கு என்ன வெட்கம்? கண்ணாடி போட்ட டிரைவர் ஓட்டுகிற பஸ்ஸில் ஊர் ஏறவில்லையா?

பொங்கலுக்கு வருகிறேன். ரயிலில் இல்லை, காரில். சேலம், மதுரை, ராஜபாளையம் என்று வழியெல்லாம் பார்த்து வைத்துவிட்டேன். வேண்டாம் என்று எழுதாதே, கடிதம் வந்து சேர்வதற்குள் கிளம்பியிருப்பேன். தெருமுனையில் திரும்பியதும் ஹாரன் அடிப்பேன். நீ மெஷினை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வரவேண்டும். வராவிட்டால் வருகிற வரை அடிப்பேன். தெருவே திரண்டு வந்து திட்டினாலும் நிறுத்தமாட்டேன். நான் சொன்னால் செய்கிறவள் என்று உனக்குத் தெரியும்.

உன் தங்கை,
ஜோதி


சங்கரன்கோவில்
21.1.2025

ஜோதிக்கு,

சுடலைமுத்து எழுதுவது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக மதினி சொன்னாள். இங்கே எல்லோரும் சுகம்.

நீ இருந்த மூன்று நாளும், "கேட்டதா அண்ணே, ஹாரன் கேட்டதா?" என்று நச்சரித்தாய். நான் பதில் சொல்லவில்லை. தெருவே நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தது, அவர்கள் முன்னால் என்ன சொல்ல? அப்புறமும் வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். மதினி அன்று பொங்கல் பானையை விட்டுவிட்டு வந்து மெஷினை என் காதில் திணித்தாள். முதலில் ஒரே இரைச்சல், கரும்பு விற்கிறவன், குழந்தைகள், எல்லாம் ஒன்றாக மண்டைக்குள் வந்தது. பிடுங்கி எறியக் கையைக் கொண்டுபோனேன். அப்போது முக்கில் நீ திரும்பினாய்.

கேட்டது. ஹாரன் இரண்டில் ஒன்று வேலை செய்யவில்லை. கீழ்ச்சுதி செத்துக் கிடக்கிறது. மேலே உள்ளது மட்டும்தான் கத்துகிறது, உன்னை மாதிரி. ஒயரைச் சுத்தம் செய்து மாட்டச் சொல், துரு பிடித்திருக்கும், காசு ஆகாது.

நேற்றிலிருந்து பட்டறையை முழு நாளும் திறக்கிறேன். மெஷினைத் தலைமுடியை விட்டு மறைக்கவில்லை. அன்றைக்கு என்னைக் கேட்டானே, அவனே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். "காதுல என்னவே அது?" என்றான். "உன் வண்டிக்கு வைத்தியம்வே, பானெட்டத் தொற" என்றேன்.

சிவகிரிக்காரர் காரை விற்கிறாராம். டீசல். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டையும்தான்.

இனி தபாலுக்குச் செலவு செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போடு. மதினி நம்பருக்கு வேண்டாம், என் நம்பருக்கே போடு. நான் எடுக்கிறேன்.

உன் அண்ணன்,
சுடலைமுத்து